பாட்டி உள்ளே இருக்க, ஓடு பிரிப்பது எப்படி

பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கும் எண்பது வயதுக்காரருக்கு அன்றாடம் வேண்டிய பாதைகள் மூன்று: கட்டிலிலிருந்து கக்கூஸ், கட்டிலிலிருந்து அடுக்களை, அடுக்களையிலிருந்து கிணற்றடி. பழுதுபார்க்கும் வேலையின் வரிசையை இந்த மூன்றையும் வைத்துத்தான் போட வேண்டும். கொத்தனாரும் ஆசாரியும் தங்களுக்குத் தோதான வரிசை ஒன்றைச் சொல்வார்கள். காலி வீட்டுக்கு அது சரி. ஆள் இருக்கும் வீட்டுக்கு ஒத்துவராது.

"ரெண்டு மாசம் மக வீட்டில போய் இருக்கட்டும்" என்பது வழக்கமாக வரும் யோசனை. குமரி மாவட்டத்தில் அந்த ரெண்டு மாதம் மழையில் மாட்டி அரை வருடமாக இழுப்பது சாதாரணம். வயதானவர் கண்ணை மூடிக்கொண்டு நடக்கப் பழகிய வீடு அதற்குள் மாறிப்போகும். சுவிட்ச் வேறிடம், படி வேறு உயரம், தரை வழுவழுப்பு. திரும்பி வந்த முதல் வாரத்தில்தான் விழுவார்கள். முடிந்தால் அவரை அங்கேயே வைத்துக்கொண்டு, ஒரு அறையை நனையாத அறையாக்கி, கட்டிலை அங்கே மாற்றிவிட்டு மற்ற இடங்களைத் தொடுங்கள். எந்த அறை என்பதை அவரே சொல்லட்டும். எந்த மூலையில் எந்தக் காற்றுக்கு ஒழுகும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

நாள் பார்ப்பது முக்கியம். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை, ஏப்ரல் மே மாதங்களில் இடியோடு கோடை மழை. கூரையைத் திறக்க மிஞ்சுவது பொங்கல் கழிந்ததிலிருந்து பங்குனி நடு வரை. அதற்கான மரமும் ஓடும் மார்கழியிலேயே வாங்கி நிழலில் அடுக்கியிருக்க வேண்டும். மாவட்டம் சின்னதுதான், ஆனால் ஒரே விதி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. விளவங்கோடு, திருவட்டார் பக்கம் மழைதான் எதிரி. ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் ஆடிக்காற்று ஓட்டைத் தூக்கும். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரையில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது எந்தப் பக்கமும் தப்பவில்லை.

முதல் பார்வைக்கு வேண்டியது டார்ச், நீளமான ஸ்குரூடிரைவர், தூக்குக்குண்டு, நூல், நோட்டு. பகலில் உள்ளே நின்று மேலே பார்த்தால் ஓட்டைகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும், அவற்றை எண்ணிக் குறியுங்கள். பிறகு மரம். கழுக்கோல் (முகட்டிலிருந்து சுவருக்குச் சரிந்து இறங்கும் கூரை மரம்) பெரும்பாலும் நடுவில் கெடாது. சுவர்மேல் கிடக்கும் உத்திரத்தில் உட்காரும் இடத்திலும், சுவருக்கு வெளியே இறவாரமாக நீளும் கடைசி ஒன்றிரண்டு அடியிலும்தான் கெடும். அங்கே ஸ்குரூடிரைவரை அழுத்துங்கள். கால் அங்குலத்துக்குள் நின்றால் மரம் பிழைத்துக்கொள்ளும். ஒரு அங்குலம் உள்ளே போனால் அந்தப் பாகம் போயிற்று. முகட்டில் இரு முனைக்கும் நூல் கட்டிப் பார்த்தால் எவ்வளவு தொங்கியிருக்கிறது என்பது தெரியும். சுவர் விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, இடைவெளியையும் தேதியையும் எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் கோடுகள் விலகினால் அஸ்திவாரம் இன்னும் இறங்குகிறது, பூசி மறைத்துப் பயனில்லை. 10 அடி உயரச் சுவர் 1 அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தாலோ வயிறு தள்ளியிருந்தாலோ ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள். அதைக் கொத்தனாரின் கண்ணளவுக்கு விடக்கூடாது.

கூரையில் கை வைக்குமுன் காகிதத்தைப் பார்த்துவிட வேண்டும். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால், பல வீடுகளின் பழைய ஆதாரம் மலையாளத்தில் இருக்கும். பட்டா இறந்துபோன கணவர் பெயரிலோ அவர் அப்பா பெயரிலோ கிடக்கும். வில்லங்கச் சான்று எடுத்து, வாரிசுகள் யார் யார் என்று எழுதி, துபாயில் இருப்பவர் உட்பட எல்லோரிடமும் பழுதுபார்க்கச் சம்மதம் வாங்குங்கள். பணம் போடுபவர் தம்பி மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ, யாராக இருந்தாலும், செலவழித்த காரணத்தால் வீட்டில் உரிமை கேட்கமாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சங்கடமாக இருந்தாலும் எழுதுங்கள். கூரை மாற்றித் தந்தவர் பேரில் வீடு போய்விட்ட கதை ஊருக்கு ஒன்று உண்டு.

வயதானவரே மனமுவந்து எழுதிவைக்க நினைத்தால், "கடைசிவரை என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, பிரிவு 23-ன்படி, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தைச் செல்லாததாக்கத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வாயால் சொன்ன நிபந்தனையை அங்கே நிரூபிப்பது பெரும்பாடு. கல்குளம், விளவங்கோடு பக்கத்துக்காரர்கள் பத்மநாபபுரம் சப் கலெக்டர் அலுவலகத்திலும், அகஸ்தீஸ்வரம், தோவாளைக்காரர்கள் நாகர்கோவில் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்திலும் மனு கொடுக்க வேண்டும். முதியோருக்கான 14567 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம்.

இனி கூரை. மங்களூர் ஓடு 10 அடிக்கு 10 அடிப் பரப்புக்கு 140 முதல் 150 வரை பிடிக்கும். பழைய ஓட்டில் பாதிக்கு மேல் திரும்பப் பயன்படும். விரல் மொட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் செத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் உண்டு. பாசியைத் தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள். ஆசிட் ஊற்றினால் மேல்தோல் போய் ஓடு தண்ணீர் குடிக்க ஆரம்பிக்கும். புது ஓடு வாங்கும்போது பழையதில் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பள்ளமும் வரம்பும் கொஞ்சம் மாறும், அரை அங்குல வித்தியாசம் போதும் வரிசை முழுக்க ஒழுக. கலந்துதான் போட வேண்டும் என்றால் ஒரு சரிவு முழுக்கப் பழசு, மறு சரிவு முழுக்கப் புதுசு என்று பிரித்துவிடுங்கள்.

ஓட்டைப் பிரிப்பது முகட்டிலிருந்து கீழ்நோக்கி. ஒரு பக்கச் சரிவை மொத்தமாகக் காலி செய்துவிட்டு மறுபக்கத்தைப் பாரத்தோடு விடுவதுதான் பெரிய தவறு. கூரை ஒருபக்கமாகத் தள்ளி மண்சுவரின் தலையை வெளியே உதைக்கும். இரு சரிவிலும் எதிரெதிரே ஆறு ஆறு அடியாகப் பிரித்து, அன்று பிரித்ததை அன்றே மூடுங்கள். படுக்கை அறைக்கு மேலே பிரிக்கும் நாளில் கட்டில் வேறிடத்தில் இருக்க வேண்டும். தார்ப்பாய் தயாராக இருக்கட்டும். நீல நிற மெல்லிய பாய் குமரிக் காற்றுக்கு ஒரு ராத்திரி தாங்காது. பிரித்த ஓட்டைச் செங்குத்தாகச் சாய்த்து அடுக்குங்கள், நடைபாதைக்குத் தள்ளி. அடுக்கிய ஓட்டுக்குள் பாம்பு குடியேற ரெண்டு நாள் போதும், சாயங்காலம் கிணற்றடிக்குப் போகும் பாட்டிக்கு அது தெரியாது.

கழுக்கோல் நுனி மட்டும் கெட்டிருந்தால் முழுசாக மாற்ற வேண்டாம். நல்ல மரம் தெரியும்வரை அறுத்து, அதே கனத்தில் புதுத் துண்டைப் பாதிப்பாதி இழைத்து ஒட்டுப் போடலாம். ஒட்டின் நீளம் கழுக்கோலின் குறுக்கு உயரத்தைப் போல நான்கு மடங்குக்குக் குறையக்கூடாது. ரெண்டு போல்ட், வாஷரோடு. ஒட்டு சுவரின் மேல் வரும்படி அமைந்தால் இன்னும் நல்லது. மரம் அயனியானால் (ஆஞ்சிலி என்பதும் இதுதான்) உத்தமம், பலாவும் ஆகும். பனையும் தெங்கும் போடலாம், ஆனால் முற்றிய மரத்தின் வைரம் பாய்ந்த வெளிப்பாகம் மட்டும். ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று கூரைக்குப் போடுபவர்கள் உண்டு. மருந்து ஏற்றாத ரப்பர் தடியை வண்டு ரெண்டு மூன்று மழைக்குள் மாவாக்கிவிடும். காசு போதாவிட்டால் இரும்புச் சதுரக் குழாய் தவறில்லை, கடற்கரைக்கு மட்டும் வேண்டாம்.

பட்டியல் (ஓட்டின் கொக்கி மாட்டும் குறுக்குச் சட்டம்) அடிப்பதில்தான் பாதிக் கூரைகள் கெடுகின்றன. இடைவெளி பொதுவாக 12½ அங்குலம் வரும், என்றாலும் டேப்பை நம்பாமல் ஓட்டையே ரெண்டு வரிசை கோத்துப் பார்த்து அளவெடுத்து, அந்த நீளத்துக்கு ஒரு குச்சி வெட்டி, அதை வைத்தே அடிக்கச் சொல்லுங்கள். தொங்கிப்போன கழுக்கோல் மேல் அப்படியே பட்டியல் அடித்தால் ஓடு வாய் பிளந்து நிற்கும். தொய்வு உள்ள இடத்தில் ஆப்பு வைத்து நூல் மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஆணி.

இறவாரத்தின் கடைசி ரெண்டு வரிசையையும் ஓரங்களையும் கம்பியால் கட்டுங்கள். ஓட்டின் அடிப்பக்கக் கொக்கியில் அதற்குத்தான் துளை விட்டிருக்கிறார்கள். கட்டுக்கம்பி கடலோரத்தில் சீக்கிரம் துருப்பிடித்து அறும். அங்கே செம்புக் கம்பியோ துருப்பிடிக்காத எஃகுக் கம்பியோ வேண்டும். முகட்டு ஓட்டைத் தனிச் சிமெண்ட் கலவையில் கனமாக உட்கார வைப்பது இப்போதைய வழக்கம். அது வெயிலில் விரிந்து கீறி, அந்தக் கீறல் வழியே தண்ணீர் இறங்கும். 1 சிமெண்ட், 1 சுண்ணாம்பு, 6 மணல் போதும், கலவை ஓட்டின் ஓரத்தில் மட்டும். ரெண்டு சரிவு சேரும் பள்ளத்துக்கு அலுமினியத் தகடு 18 அங்குல அகலத்துக்குக் குறையாமல் போடலாம், ஆனால் சிமெண்டுக் கலவை தகட்டில் நேராகப் படக்கூடாது. ஈரச் சிமெண்ட் அலுமினியத்தை அரிக்கும்.

வேலை நடக்கிறது என்ற செய்தி போனதும் பழைய மரம் வாங்குகிறவர்கள் வருவார்கள். "இந்தத் தூணும் பத்தாயமும் எதுக்கு பாட்டி, புதுக் கட்டிலும் பீரோவும் தாரேன்" என்பார்கள். (பத்தாயம் என்பது நெல் போட்டு வைக்கும் மரப்பெட்டி.) அயனிப் பலகையும் செதுக்கிய கதவும் கட்டில் பீரோவைவிடப் பல மடங்கு விலை பெறும். விற்பதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். விலை தெரிந்த பிறகு அவர் முடிவெடுக்கட்டும்.

கூரைக்கு அடுத்தது தண்ணீர். சுவர் ஈரம் என்றதும் எல்லோரும் சுவரைப் பார்க்கிறார்கள். காரணம் பெரும்பாலும் தரையில் இருக்கும். வருடக்கணக்கில் முற்றம் மண்ணேறி அஸ்திவாரக் கருங்கல் புதைந்திருக்கும், அல்லது குளிக்கிற தண்ணீர் சுவரோரம் வாழைக்குப் போகும். மண்ணை வெட்டி, உள்தரையைவிட முற்றம் ஒரு அடியாவது தாழ்வாக இருக்கும்படி செய்யுங்கள். இறவாரத் தண்ணீர் விழும் கோட்டில் ஓடை வெட்டி, சுவரிலிருந்து வெளியே 2 அடிக்கு 1 அங்குலம் சரிவு கொடுங்கள். சுற்றிலும் சிமெண்ட் தளம் போட்டு அடைத்தால் மண்ணின் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் வழியாக மேலே ஏறும். உள்ளே பளபள டைல்ஸ் போட்டாலும் இதேதான் நடக்கும், வழுக்குவது தனி.

மண்சுவருக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் சிமெண்ட் பூசாதீர்கள். சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. ஈரம் பின்னால் சேர்ந்து, மண் இளகி, ரெண்டு மூன்று வருடத்தில் பூச்சு பாளமாக விழும், கூடவே சுவரின் மேல்மண்ணும். சுண்ணாம்புக்கு மெனக்கெடத்தான் வேண்டும். சுட்ட சுண்ணாம்பை வாங்கினால் தண்ணீர்த் தொட்டியில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும், கண்ணாடி இல்லாமல் அருகே நிற்க வேண்டாம். ரெண்டு வாரமாவது தண்ணீருக்கு அடியில் ஊறட்டும். பூச்சுக்கு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு சலித்த மணல். கடல்மணல் கூடாது, உப்பு பூக்கும். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போனால் வெடிக்கும். சுவரை முதலில் நனைத்து, பூசிய பிறகு ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். வெள்ளையடிப்பதும் கெட்டியாக ஒரு தடவை என்பதைவிட நீர்க்க மூன்று தடவை நிற்கும். மண்சுவரில் பள்ளம் இருந்தால் அதே நிறத்து மண்ணைச் சலித்து, நறுக்கிய வைக்கோல் சேர்த்து, மூன்று நாள் புளிக்க விட்டு மிதித்து, அங்குலம் அங்குலமாக அப்புங்கள். ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்தது.

கறையானுக்கு மருந்து என்றால் ஆள் வந்து சுவரோரம் துளை போட்டு ஊற்றிவிட்டுப் போய்விடுவார். கேட்க வேண்டிய முதல் கேள்வி, கிணறு எவ்வளவு தூரம் என்பது. இங்கே கிணறு அடுக்களைச் சுவரை ஒட்டியே இருக்கும். 30 அடிக்குள் கிணறு இருந்தால் அந்தப் பக்க மண்ணில் மருந்தே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. ஈரத்தை எடுத்து, மண் தடத்தை உடைத்து, மரத்துக்கு மட்டும் போரிக் அமிலம் 20 கிராம், போராக்ஸ் 30 கிராம், வெந்நீர் 1 லிட்டர் என்ற கணக்கில் கரைத்து ரெண்டு தடவை பூசுங்கள். மழை படும் மரத்தில் இது கழுவிப் போய்விடும், உள்மரத்துக்குத்தான். மற்ற பக்கங்களில் தரையும் சுவரும் சேருமிடத்தில் ஒரு அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, இமிடாகுளோபிரிட் 30.5 சதவீத மருந்தை லிட்டருக்கு 2.1 மில்லி கலந்து, துளைக்கு 1 லிட்டர் வரை விடலாம். மருந்து ஊற்றும் அந்த ரெண்டு நாள் மட்டும் வயதானவர் வேறு வீட்டில் இருக்கட்டும். விறகடுப்பு எரிந்த காலத்தில் அடுக்களைக் கூரை கரி பிடித்துக் காய்ந்தே இருந்தது. கேஸ் வந்த பிறகு வண்டு முதலில் அங்கேதான் நுழைகிறது, பார்க்கும்போது அதை விட்டுவிடாதீர்கள்.

மின்சாரம்: ஓடு பிரிக்குமுன் மெயினை நிறுத்துங்கள். மரப்பட்டி வயரிங் இருந்தால் ஒட்டுப் போடாமல் மொத்தமாக மாற்றுங்கள், எர்த் புதிதாக இறக்கி, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே நிறுத்தும் சுவிட்ச்) வையுங்கள். இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

இந்த நேரத்துக்குள் அந்த மூன்று பாதைகளும் முடிந்திருக்க வேண்டும். கக்கூஸ் வெளியே தனியாக இருந்தால், அங்கே போகும் வழிக்குக் கூரையும் 3 அடி அகலச் சொரசொரப்பான தரையும் போடுங்கள். வாசற்படி 6 அங்குலம் என்றால் சாய்தளம் 6 அடி நீளம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் சாய்தளத்தை விட்டுவிட்டு 4 அங்குலப் படியாக அகலமாகக் கட்டுங்கள். செங்குத்தான சாய்தளம் படியைவிட ஆபத்து. கக்கூஸ் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் உள்நோக்கித் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் நீக்கக்கூடியதாக இருக்கட்டும்.

கைப்பிடிக் கம்பிதான் பழைய வீடுகளில் ஏமாற்றும். மண்சுவரில் பிளாஸ்டிக் பிளக் அடித்துத் திருகின கம்பி, பார்க்க உறுதியாக இருந்து, முழு எடையும் விழும் நாளில் கையோடு வரும். சுவரை முழுக்கத் துளைத்து, மறுபக்கத்தில் 4 அங்குல இரும்புத் தகடு வைத்து போல்ட் முறுக்குங்கள். முடியாவிட்டால் தரையில் கான்கிரீட் குழியில் நட்ட தூணில் கம்பியைப் பற்ற வையுங்கள். உயரம் 32 முதல் 36 அங்குலம், அவர் கையை வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். முடித்த பிறகு உங்களில் கனமானவர் தொங்கிப் பாருங்கள். கட்டில் தலைமாட்டில் ஒரு சுவிட்சும் வழியில் மங்கலான எல்இடி விளக்கும் போதும். அறை நடுவில் ஒரு கண்ணாடி ஓடு வைத்தால் பகலில் விளக்கே வேண்டாம்.

வேலை முடிந்த பிறகும் கூரை வருடத்துக்கு ஒரு தடவை ஆளைக் கேட்கும். வைகாசிக்குள் பள்ளத் தகட்டில் சேர்ந்த சருகை அள்ள வேண்டும், நகர்ந்த ஓட்டைத் தள்ளி வைக்க வேண்டும். ஓடு உடைவதற்கு முக்கியக் காரணம் கூரைக்கு மேல் சாய்ந்த தென்னை. தேங்காய் வெட்ட வருபவரிடம் அந்தப் பக்கக் குலையை இளசிலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள், காய்ந்த மட்டையையும். மிச்சமான ஓட்டில் ஐம்பதை மாட்டுத் தொழுத்தில் சாய்த்து வையுங்கள். யார் மேலே ஏறுவது என்பதை இப்போதே ஒரு ஆளிடம் பேசி முடித்து, அவர் பெயரையும் போன் நம்பரையும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் முதல் ஒழுக்குக்குப் பாட்டியே ஸ்டூல் போட்டு, கம்பால் ஓட்டைத் தள்ளிப் பார்ப்பார்.